ஜூடோ தந்த ஜிகோரோ கானோ

தொலைக்காட்சியில் ஜூடோ போட்டியை முதன்முதலாகப் பார்ப்பவர் குழம்பிப் போவது இயல்பு. வெள்ளை உடையில் ஒருவர், நீல உடையில் ஒருவர். இருவரும் எதிரெதிரே நின்று தலை வணங்குகிறார்கள். பிறகு ஒருவர் சட்டையை மற்றவர் பற்றிக்கொண்டு இங்குமங்கும் இழுக்கிறார்கள். குத்து இல்லை, உதை இல்லை. வெகுநேரம் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். திடீரென ஒருவர் காற்றில் சுழன்று, முதுகு தரையில் பட விழுகிறார். நடுவர் கையை நேராக மேலே உயர்த்துகிறார். ஆட்டம் முடிந்துவிடுகிறது. என்ன நடந்தது என்று நாம் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதற்குள், இருவரும் மீண்டும் தலை வணங்கி வெளியேறிவிடுகிறார்கள்.

சிலாட், தேக்வாண்டோ, குத்துச்சண்டை ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் ஜூடோவைக் காணும்போது சில கேள்விகள் எழும். இதில் ஏன் அடிக்கக்கூடாது? விழுந்தவர் ஏன் பாயை ஓங்கித் தட்டுகிறார்? ஒரே ஒரு வீச்சில் ஆட்டம் எப்படி முடிகிறது? விதிப்புத்தகத்தைப் புரட்டினாலும் விடை கிடைக்கும். ஆனால், இக்கலையை உருவாக்கியவரின் கதையோடு சேர்த்துப் படித்தால் அந்த விடைகள் மறக்காது. அவர் ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ.

கானோ 1860ஆம் ஆண்டு, கோபே நகரை ஒட்டியிருந்த மிக்காகே என்னும் ஊரில் பிறந்தார். அரிசி மது வடிக்கும் தொழிலில் பெயர்பெற்ற, வசதியான குடும்பம் அது. சிறுவயதிலேயே தாயை இழந்த அவர், பின்னர்த் தோக்கியோவில் தந்தையின் மேற்பார்வையில் வளர்ந்தார். மகனுக்கு நல்ல கல்வி தரவேண்டும் என்பதில் தந்தை கண்டிப்பாக இருந்தார். சீன இலக்கியம், எழுத்தணிக்கலை, ஆங்கிலம் எனப் பலவற்றையும் கானோ கற்றார். ஏறத்தாழப் பதினான்கு வயதில், ஐரோப்பிய ஆசிரியர்கள் கற்பித்த தனியார் பள்ளி ஒன்றின் விடுதியில் சேர்ந்தார்.

படிப்பில் அவரை மிஞ்சியவர்கள் குறைவு. ஆனால், விடுதியில் மதிப்பெண்ணுக்கு மரியாதை இல்லை. உடல் வலிமைக்கே மரியாதை. கானோ உயரம் குறைந்தவர். வளர்ந்த பிறகும் அவர் உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர்தான். அப்போது அவர் எடையும் மிகக் குறைவு. மூத்த மாணவர்கள் அவரை அடித்தார்கள். இழுத்து வெளியே தள்ளினார்கள். இன்று நாம் பகடிவதை என்று சொல்வது அதுதான்.

சிறிய உடல் கொண்டவரும் பெரியவரை வீழ்த்த வழிகாட்டும் ஜூஜுட்சு என்னும் தற்காப்புக் கலை இருப்பதாகக் கானோ கேள்விப்பட்டார். அதைக் கற்றே தீரவேண்டும் என்று முடிவெடுத்தார். முடிவெடுப்பது எளிதாக இருந்தது. ஆசிரியரைக் கண்டுபிடிப்பதுதான் எளிதாக இல்லை. அந்தக் காலத்தில் ஜப்பான் மேற்கத்திய நாகரிகத்தை வேகமாகத் தழுவிக்கொண்டிருந்தது. சாமுராய் வீரர்களின் சலுகைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. 1876ஆம் ஆண்டு அவர்கள் பொது இடங்களில் வாள் ஏந்துவதும் தடைசெய்யப்பட்டது. பழைய போர்க்கலைகளைப் பயனற்ற பழமை என்று மக்கள் ஒதுக்கினார்கள். ஜூஜுட்சு ஆசான்கள் பலர் பயிற்சிக்கூடங்களை மூடிவிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார்கள். கானோவின் தந்தையும் இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்றே நினைத்தார்.

கானோ 1877ஆம் ஆண்டு தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது எலும்பு வைத்தியர்களைத் தேடிச் சென்று, அவர்களில் யாருக்காவது ஜூஜுட்சு தெரியுமா என்று விசாரித்தார். ஆசானைத் தேடி வைத்தியசாலைகளை வலம்வந்த மாணவர் அவராகத்தான் இருப்பார்! இறுதியில், ஹச்சினோசுகே ஃபுக்குடா என்ற ஆசான் கிடைத்தார். மிகச் சிறிய பயிற்சிக்கூடம். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள்.

ஃபுக்குடா விளக்கம் சொல்லும் ஆசானல்லர். ஒருநாள் தம்மை வீழ்த்திய பிடி எப்படிப்பட்டது என்று கானோ கேட்டார். ஆசான் பதில் சொல்லாமல் அவரை மீண்டும் தூக்கி எறிந்தார். கையை எங்கே வைப்பது, காலை எப்படி நகர்த்துவது என்று கானோ விடாமல் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வீழ்ச்சியே விடையாகக் கிடைத்தது. உடலெங்கும் காயம். மருந்து பூசிய கை கால்களுடன் வகுப்புக்கு வந்த அவரைச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். அந்நாளில் அவர் அணிந்த பயிற்சிச் சட்டை, கிழிந்தும் தைக்கப்பட்டும் இருக்கும் நிலையில் இன்றும் தோக்கியோவில் பாதுகாக்கப்படுகிறது.

அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஃபுக்குஷிமா என்றொரு மூத்த மாணவர் இருந்தார். மிகவும் பருமனானவர். கானோ எவ்வளவு முயன்றும் அவரை வீழ்த்த முடியவில்லை. வேறொருவராக இருந்தால் மனம் தளர்ந்திருப்பார், அல்லது இன்னும் கடுமையாக மோதியிருப்பார். கானோ நூலகத்துக்குப் போனார். முதலில் சூமோ மல்யுத்தப் பிடிகளை ஆராய்ந்து பார்த்தார். அவை பயன்படவில்லை. பிறகு மேற்கத்திய மல்யுத்தம் பற்றிய நூல் ஒன்றைப் படித்தார். எதிராளியின் உடலுக்குக் கீழே புகுந்து, அவரைத் தோள்களின் குறுக்கே தூக்கிச் சுழற்றி வீசும் பிடி அதில் இருந்தது. நண்பர்களிடம் அதைப் பலமுறை பயின்று பார்த்த பிறகு, ஒருநாள் ஃபுக்குஷிமாவைத் தூக்கி எறிந்தார். ‘தோள் சக்கரம்’ என்று பொருள்படும் கத்தகுருமா என்னும் ஜூடோப் பிடி அதுவே. அண்மைய விதிமாற்றங்களால், எதிராளியின் காலைக் கையால் பிடிப்பது அனைத்துலகப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே, கானோ பெருமைப்பட்ட அந்தப் பிடியை அதன் பழைய வடிவில் இன்று போட்டியில் பயன்படுத்த முடியாது. அவர் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

1879ஆம் ஆண்டு ஃபுக்குடா காலமானார். அடுத்து கிடைத்த ஆசானும் இரண்டு ஆண்டுகளில் மறைந்தார். மூன்றாவதாக, வேறொரு மரபைச் சேர்ந்த ட்சுனெதோஷி ஈக்குபோ என்பவரிடம் கானோ சேர்ந்தார். முதல் இருவரும் எதிராளியை மடக்கிப் பிடிப்பதிலும் அடக்குவதிலும் வல்லவர்கள். ஈக்குபோவோ தூக்கி எறிவதில் வல்லவர். ஐம்பது வயதைக் கடந்தும், இளைஞரான கானோவை அவர் எளிதாக வீழ்த்தினார்.

ஒரு மரபில் இல்லாதது இன்னொரு மரபில் இருப்பதைக் கானோ கண்டார். ஒவ்வொரு மரபும் தன் நுணுக்கங்களைத் தனக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தது. ஆசான் இறந்தால் அவற்றில் பலவும் அவரோடு மறையும். இவற்றைத் தொகுத்து, தீங்கானவற்றை விலக்கி, எல்லாருக்கும் கற்பிக்க முடியாதா என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்தது. 1882ஆம் ஆண்டு, தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் இடம்பிடித்து, கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். வழியைக் கற்கும் இடம் என்பது அப்பெயரின் பொருள். அங்கே கற்பித்த கலைக்கு ஜூடோ என்று பெயரிட்டார். ‘ஜூ’ என்பது மென்மை, விட்டுக்கொடுத்தல். ‘டோ’ என்பது வழி. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

மொத்தம் பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவுதான் இடம். முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர்கள் ஒன்பது பேர். கானோ அவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. பகலில் பள்ளியில் கற்பித்தார். இரவில் மொழிபெயர்ப்பு வேலை செய்து செலவைச் சமாளித்தார். ஆனால், ஆலயத்துக்குத்தான் சோதனை. மாணவர்கள் ‘தொம்’ என்று விழும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. முன்னோர் நினைவாக வைக்கப்பட்டிருந்த பலகைகள் சரிந்தன. பொறுமைசாலியான துறவியும் ஒரு கட்டத்தில் முறையிட்டார். தரையைத் தாங்கும் மரக்கட்டைகள் உடைந்தபோது, கானோவே விளக்குடன் தரைக்கு அடியில் தவழ்ந்து சென்று அவற்றைச் சரிசெய்ததாக அக்கால மாணவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

அந்தச் சிறு கூடத்தில் எடுத்த முடிவுகளில்தான் நம் கேள்விகளுக்கு விடை இருக்கிறது.

பழைய ஜூஜுட்சுவில் குத்து, உதை, விரல்களை முறிப்பது ஆகிய எல்லாம் உண்டு. அவற்றை முழு வேகத்தில் பழகினால் ஒருவர் ஊனமடைவார். ஆகவே, பல ஆசான்கள் முன்கூட்டியே வகுத்த அசைவுகளை மட்டும் மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னார்கள். அப்படிப் பழகியவருக்கு, எதிர்த்து நிற்கும் உண்மையான ஒருவரை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாது. கானோ அதை மாற்றினார். ஆபத்தான உத்திகளை வகுக்கப்பட்ட பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கினார். எறிதல், அடக்கிப் பிடித்தல், முழங்கை மூட்டை மடக்குதல், கழுத்தை நெரித்துப் பணியவைத்தல் ஆகியவற்றைத் தடையற்ற பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். ரன்டோரி என்பது அப்பயிற்சியின் பெயர். ஆபத்தானவற்றை நீக்கியதால், மிஞ்சியவற்றை முழு வலிமையோடு பழக முடிந்தது. ஜூடோவில் அடி இல்லாததற்குக் காரணம் இதுவே.

விழுபவர் பாயைத் தட்டுவதும் பயிற்சியின் ஒரு பகுதி. புதிதாகச் சேர்பவருக்கு எறியக் கற்பிப்பதற்கு முன் விழக் கற்பிக்கிறார்கள். முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, உடல் தரையைத் தொடும் அதே நொடியில் கையை நீட்டிப் பாயில் அறைய வேண்டும். அதிர்ச்சி ஓர் இடத்தில் குவியாமல் பரவிவிடும், தலையும் மோதாது. தரையில் பிடிபட்டவர் எதிராளியின் உடலிலோ பாயிலோ இருமுறை தட்டினால், அதன் பொருள் வேறு. அது தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளம். உடனே பிடியை விட்டுவிட வேண்டும்.

அப்படியானால், ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் அந்த இழுபறி? கானோவின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதில்தான் ஒளிந்திருக்கிறது. 1885ஆம் ஆண்டு வாக்கில் ஒருநாள் அவர் ஈக்குபோவுடன் பயின்றுகொண்டிருந்தார். வழக்கமாக ஆசானின் கைதான் ஓங்கும். அன்று கானோ எறிந்த ஒவ்வொரு முறையும் ஆசான் விழுந்தார். அவரால் கானோவை எறிய முடியவில்லை. வியந்துபோன ஈக்குபோ காரணம் கேட்டார். எதிராளியை எறிவதற்கு முன் அவர் சமநிலையைக் குலைக்க வேண்டும் என்று கானோ விளக்கினார். நேராக நிற்கும் மனிதரைத் தள்ளினால் அவர் எதிர்த்துத் தள்ளுவார். அந்த நேரத்தில் நாம் விட்டுக்கொடுத்துப் பின்வாங்கினால், அவர் தம் வலிமையாலேயே முன்னோக்கிச் சாய்வார். சாய்ந்தவரை வீழ்த்தப் பெரிய வலிமை தேவையில்லை. இனித் தாம் கற்பிக்க ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்ட ஈக்குபோ, தம் மரபின் ஏடுகளைக் கானோவிடம் ஒப்படைத்தார். மாணவரிடம் தோற்றதை மறைக்காமல் அவரைப் பாராட்டிய அந்த ஆசானும் நம் மதிப்புக்குரியவரே.

இனி நீங்கள் ஜூடோ போட்டி பார்த்தால், வீரர்களின் கைகளை மட்டும் பார்க்காதீர்கள், பாதங்களையும் பாருங்கள். யாருடைய எடை எந்தக் காலுக்கு மாறுகிறது, யார் குதிகாலில் சாய்கிறார் என்று கவனியுங்கள். எறிதல் நிகழ்வதற்கு அரை நொடி முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும். எதிராளி வலிமையோடும் வேகத்தோடும் முதுகு முழுமையாகப் பட விழுந்தால், அது இப்போன். ஆட்டம் அங்கேயே முடியும். 20 விநாடி தரையில் அடக்கி வைத்தாலும், எதிராளி தட்டிப் பணிந்தாலும் அதே வெற்றிதான். வீச்சு நன்றாக இருந்தும் முழுமை பெறாவிட்டால் வாசா-ஆரி கிடைக்கும். இரண்டு வாசா-ஆரி ஓர் இப்போனுக்குச் சமம். தாக்காமல் நழுவிக்கொண்டே இருப்பவருக்கு எச்சரிக்கை விழும். மூன்றாவது எச்சரிக்கையில் அவர் தோற்றவராவார். விதிகளின் நுட்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். அவற்றுக்காகப் பயப்பட வேண்டாம். நெடுநாள் ரசிகர்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்கிறார்கள்.

தேக்வாண்டோவும் கராத்தேயும் பயிலும் மாணவர்கள் இடுப்பில் கட்டும் கறுப்புப் பட்டைகூடக் கானோ தந்ததுதான். 1883ஆம் ஆண்டு தம் மாணவர் இருவருக்கு முதல் ‘டான்’ தகுதியை வழங்கினார். சில ஆண்டுகளில், தகுதி பெற்றவர்கள் கறுப்புப் பட்டை அணியும் வழக்கம் வந்தது. மற்றக் கலைகள் அதைப் பின்பற்றின. 1880களின் பிற்பகுதியில் காவல்துறை நடத்திய போட்டிகளில் கோடோகான் மாணவர்கள் பழைய மரபினரை வென்றதும், ஜூடோவின் பெயர் நாடெங்கும் பரவியது.

கானோ தம்மை எப்போதும் ஆசிரியராகவே கருதினார். ஆசிரியர்களைப் பயிற்றும் தோக்கியோ உயர்நிலைக் கல்லூரியின் முதல்வராக இடையிடையே சில இடைவெளிகளோடு 1920 வரை பணியாற்றினார். 1893ஆம் ஆண்டிலேயே பெண் ஒருவருக்கு ஜூடோ கற்பிக்கத் தொடங்கினார். 1926ஆம் ஆண்டு கோடோகானில் பெண்கள் பிரிவு முறைப்படி அமைந்தது. சீனாவிலிருந்து வந்த மாணவர்களுக்காகக் கானோ நடத்திய கல்விக்கூடத்தில் ஆயிரக்கணக்கானோர் பயின்றனர். பின்னாளில் நவீனச் சீன இலக்கியத்தின் முன்னோடியாகப் புகழ்பெற்ற லூ சுன் அவர்களுள் ஒருவர்.

1909ஆம் ஆண்டு கானோ அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து அக்குழுவில் இடம்பெற்ற முதல் மனிதர் அவரே. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிற்கு ஜப்பான் முதன்முதலாக விளையாட்டாளர்களை அனுப்பியபோது, குழுவின் தலைவராகச் சென்றார். விளையாட்டாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர்! ஒருவர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர், மற்றவர் குறுந்தொலைவு ஓட்டக்காரர். இருவருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை.

ஒலிம்பிக் போட்டியை ஆசியாவில் நடத்த வேண்டும் என்பது கானோவின் முதுமைக்காலக் கனவு. 1940ஆம் ஆண்டுப் போட்டியைத் தோக்கியோவில் நடத்த 1936ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. ஆனால், அடுத்த ஆண்டே ஜப்பான் சீனாவுடன் போரில் இறங்கியது. எந்த நாட்டு இளைஞர்களுக்குக் கல்விக்கூடம் நடத்தினாரோ, அந்த நாட்டின்மீது அவருடைய நாடு படையெடுத்தது. போரிடும் நாட்டில் போட்டி நடத்தலாமா என்ற எதிர்ப்புக் குரல் உலகெங்கும் எழுந்தது. 1938ஆம் ஆண்டு மார்ச் மாதம், எகிப்தின் கெய்ரோ நகரில் ஒலிம்பிக் குழு கூடியது. எழுபத்தேழு வயதான கானோ அங்கே சென்று வாதாடி, தோக்கியோவின் வாய்ப்பைத் தக்கவைத்தார்.

திரும்பும் வழியில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கடந்து, கனடாவின் வான்கூவர் துறைமுகத்தில் ஹிக்காவா மாரு என்ற கப்பலில் ஏறினார். நடுக்கடலில் அவருக்கு நுரையீரல் அழற்சி கண்டது. மே மாதம் 4ஆம் நாள், கரையை அடைய இரண்டே நாள்கள் இருக்கும்போது, கானோ உயிர்நீத்தார். யோக்கோஹாமா துறைமுகத்தில் ஒலிம்பிக் கொடி போர்த்திய பெட்டியில் அவர் உடல் இறக்கப்பட்டது. ஜூலை மாதத்தில் ஜப்பான் போட்டியை நடத்தும் உரிமையைக் கைவிட்டது. ஹிக்காவா மாரு இன்றும் அதே துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஒலிம்பிக் தோக்கியோவுக்கு வர 1964 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுதான் ஜூடோவும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்கள் பிரிவு 1992இல் வந்தது. 1964இல் மூன்று எடைப் பிரிவுகளிலும் ஜப்பானியரே தங்கம் வென்றனர். நான்காவது, எடை வரம்பில்லாத பிரிவு. யார் வேண்டுமானாலும் யாருடனும் மோதலாம். கானோவின் காலத்தில் எல்லாப் போட்டிகளும் அப்படித்தான் நடந்தன. சிறியவர் பெரியவரை வெல்ல முடியும் என்பதற்குச் சான்றாக ஜப்பானிய மக்கள் எதிர்பார்த்தது அந்தப் பிரிவைத்தான்.

இறுதிச் சுற்றில் ஜப்பானின் அக்கியோ கமினாகாவை எதிர்த்து நின்றவர் நெதர்லாந்தின் அன்டன் ஹேசிங். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். உடலும் அதற்கேற்ற பருமன். அவருக்கிருந்தது வெறும் உடல் வலிமை மட்டுமன்று. ஜப்பானுக்கே வந்து பயின்றவர் அவர். சமநிலையைக் குலைக்கும் நுட்பத்தைக் கமினாகா அறிந்த அளவு அவரும் அறிந்திருந்தார். ஒன்பது நிமிடத்திற்கு மேல் நீடித்த ஆட்டத்தில், ஹேசிங் கமினாகாவைத் தரையில் அடக்கிப் பிடித்தார். அந்நாளைய விதிப்படி 30 விநாடிகள் கடந்தன. அரங்கம் உறைந்துபோனது. பார்வையாளர் பலர் கண்ணீர் விட்டனர்.

வெற்றிக் களிப்பில் நெதர்லாந்து ஆதரவாளர்கள் ஆட்டப் பாயை நோக்கி ஓடிவந்தார்கள். அப்போதுதான் எழ முயன்றுகொண்டிருந்த ஹேசிங், உள்ளங்கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். பிறகு உடையைச் சரிசெய்துகொண்டு, தம் இடத்தில் நின்று கமினாகாவுக்குத் தலை வணங்கினார்.